பொன்னாடைப் போர்வை

தவமணி வீட்டில் பொன்னாடைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பால் முடிந்திருக்கும், சீனி முடிந்திருக்கும், பொன்னாடை முடியாது. மேல்மாடி அலுமாரியில் ஒரு சூட்கேஸ் நிறைய, அது கொள்ளாமல் கட்டிலுக்கு அடியில் இன்னொன்றில் பாதி. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ ஊதா, கிளிப்பச்சை, அரக்குச் சிவப்பு, எல்லாவற்றுக்கும் கரையிலே சரிகை. அத்தனையும் அவளுடைய கணவர் தில்லையம்பலத்தின் தோளில் விழுந்தவை.

தில்லையம்பலம் ரொறன்ரோவுக்கு வந்த காலத்திலிருந்து பகலில் ஒரு கட்டட வாசலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு செக்கியூரிட்டி வேலை பார்த்தார். சனி, ஞாயிறுகளில் ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஆண்டு விழா, ஒன்றுகூடல், அரங்கேற்றம், நூல் வெளியீடு என்று எந்த மண்டபத்தில் மைக் வைத்தாலும் அதற்குப் பின்னால் அவர் நிற்பார். நல்ல குரல். "இப்பொழுது பொன்னாடை போர்த்திக் கௌரவிக்குமாறு..." என்று அவர் இழுத்தால் பின்வரிசையில் வாயாடிக்கொண்டிருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். போர்த்தச் சொல்லுகிற மனிசனுக்கும் யாராவது போர்த்தத்தானே வேண்டும்? அப்படிச் சேர்ந்தவைதான் எல்லாம்.

ஒரு பொன்னாடையை வைத்து என்ன செய்வதென்று இந்த நகரத்தில் எவருக்கும் தெரியாது. உடுக்க முடியாது, குளிருக்கும் உதவாது, எறியவும் மனம் வராது. ஆகையால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். விழாவன்று ஒன்று குறைந்துவிட்டால் சங்கத்துக்காரர் தவமணிக்குத்தான் போன் எடுப்பார்கள். அவளும் மடிப்புக் கலையாத ஒன்றை சூட்கேசிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அது யாருக்கோ போய், அங்கிருந்து வேறொரு சங்கத்துக்குப் போய், கடைசியில் தில்லையம்பலத்தின் தோளுக்கே திரும்பி வந்ததும் உண்டு. மனிசன் ஒன்றும் அறியாமல் கைகூப்பிக்கொண்டு நிற்பார். தவமணி மூன்றாம் வரிசையில், அவருடைய குளிர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

தவமணியைப் பற்றி எந்த மேடையிலும் எவரும் சொல்லாதபடியால் இங்கே சொல்லிவிடலாம். வந்த புதிதில் அவர்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றைப் படுக்கையறை அப்பாட்மென்ற் ஒன்றில் இருந்தார்கள். அங்கிருந்து தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் பிடித்து ஒரு கோட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி கொலர் தைப்பாள், ஒருத்தி பொத்தான் வைப்பாள். தவமணிக்குப் பொக்கற். மேலே ஒட்டிவிடுகிற பொக்கற் அல்ல. நல்ல கம்பளித் துணியின் நடுவிலே கத்தரியால் ஒரு வாய் வெட்டி, அந்த வாய்க்கு உதடு வைத்துத் தைக்கிற பொக்கற். வெட்டு ஒரு நூல் கூடினாலும் கோட்டு முழுவதும் குப்பைக்குப் போகும். மற்றப் பெண்கள் அந்த மேசைக்குப் பக்கத்திலும் வரமாட்டார்கள். தவமணி போய் உட்கார்ந்தாள், தொழிற்சாலை மூடும்வரை எழும்பவில்லை. மகள் துவாரகாவைப் படிப்பித்ததும் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், வீடு எடுத்ததும் அந்த வாய்களை வெட்டித்தான். கடைசி நாளன்று அவளுக்கு ஒரு கேக் வெட்டினார்கள். அவளும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

போன வருடம் தில்லையம்பலத்தின் சிறுநீரகங்கள் கைவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் என்றார்கள். இடக்கையில் ஊசி ஏற்றி, பக்கத்தில் இருக்கிற மெஷினோடு கொழுவிவிட்டு, நாலு மணித்தியாலம் ஒரு சாய்கதிரையில் கிடக்கவேண்டும். இரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருகிறபோது உடம்பு குளிரத் தொடங்கும். அங்கே கிடக்கிற எல்லாருக்கும் அதே கதிதான். நேர்ஸ்மார் சூடாக்கிய வெள்ளைப் போர்வை கொண்டுவந்து கழுத்துவரை மூடிவிடுவார்கள். ஊசி ஏற்றிய கை மட்டும் எந்நேரமும் வெளியே தெரியவேண்டும். ஊசி நழுவி, போர்வைக்குள் இரத்தம் ஓடினால் எவருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் அதில் அவர்கள் வெகு கண்டிப்பு.

தில்லையம்பலம் அந்த வெள்ளையைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"வெள்ளைத் துணியாலை மூடுறது எப்ப எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு இன்னும் நாள் கிடக்கு."

அது பாதிக் காரணம். மற்றப் பாதி நேர் எதிர்க் கதிரையில் கிடந்தது. அவர் பெயர் மகேஸ்வரன். ஒரு காலத்தில் இவருடைய சங்கத்தின் செயலாளர். ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் யாருடைய படம் வருவது என்று தொடங்கிய சண்டையில் சங்கத்தை இரண்டாக உடைத்துக்கொண்டு போய், அதே ஊரின் பெயரில் இன்னொரு சங்கம் தொடங்கியவர். அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. இரண்டு தலைவர்மாரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், எதிரும் புதிருமாகக் கிடத்திய ஆஸ்பத்திரிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? மகேஸ்வரன் வெள்ளைப் போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரியக் கிடப்பார். அவர் கண் முன்னால் தானும் அப்படிக் கிடப்பதா? தில்லையம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவார். தாங்க முடியாமல் போனதும் நேர்சைக் கூப்பிட்டு, காணும், போதும், கழற்றுங்கோ என்பார். நேரம் முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும், சிலநாள் அதற்கும் மேல்.

அப்படிக் கழற்றிக் கழற்றி வந்ததில், வெளியே போகவேண்டிய தண்ணீர் உடம்பிலேயே நின்றது. ஒருநாள் அது நெஞ்சுக்கு ஏறி, மூச்செடுக்க முடியாமல் அம்புலன்சில் கொண்டுபோனார்கள். டொக்டர் தவமணியை வெளியே கூப்பிட்டு நேராகவே சொன்னார்: முழு நேரமும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை தப்பமாட்டார். தவமணி ஆஸ்பத்திரி நடையில் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இந்த மனிசன் எதைத்தான் போர்த்துக்கொள்ளும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

துவாரகாவுக்கு மிசிசாகாவில் ஒபீஸ் வேலை. ஊசி ஏற்றத் திறந்து மூடுகிறமாதிரிச் சட்டைக்கையில் சிப் வைத்து, டயலிசிசுக்கென்றே விற்கிற தடித்த சட்டை ஒன்றை அனுப்பிவிட்டு, "அப்பா, இற்ஸ் சோ வோம், நல்ல சூடு, ஒருக்கா போட்டுப் பாருங்கோ, பிளீஸ்" என்று போனில் கெஞ்சினாள். தில்லையம்பலம் அதைத் தூக்கிப் பார்த்து, "உது பிள்ளைப்பெத்தவளவை போடுற உடுப்பு" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். தவமணிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சட்டையை மடித்து வைக்க அலுமாரியைத் திறந்தபோதுதான் அந்த சூட்கேஸ் கண்ணில் பட்டது. இத்தனை வருடத்தில் தன் தோளுக்கு வந்ததில் இந்த மனிசன் வேண்டாம் என்று சொல்லாதது அது ஒன்றுதான்.

வேலை விட்ட பிறகு தவமணி வியாழக்கிழமைகளில் பக்கத்துச் சமூக நிலையத்துக்குப் போவாள். அங்கே சில பெண்கள் கூடித் துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பார்கள். குவில்ற் என்று அதற்குப் பெயர். ஒருநாள் கணவரிடம், "உங்கடை பொன்னாடையளை வெட்டி ஒண்டாத் தைக்கப்போறன்" என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தானே முடிவுசெய்துகொண்டார்.

"அட, நல்ல யோசினை! சங்க மண்டபத்திலை மேடைக்குப் பின்னாலை தொங்கவிட்டால் எப்பிடி இருக்கும்!"

தவமணி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டயலிசிஸ் தொடங்கியபின் அவரை எந்த விழாவுக்கும் யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கவலையில் இருண்டு கிடந்த முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வெட்ட வெட்ட அவர் சோபாவில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கைகாட்டுவார்.

"இது பழைய மாணவர் சங்கம். இது கோயில் தேருக்குப் போத்தினது. உந்த மஞ்சள், உது மகேஸ்வரன் போத்தினது. அப்ப செயலாளர். அதை ஒரு மூலையிலை போடு."

பாதிக்கு மேல் பிழை. கோயில் தேருக்கு என்றது அவளே எடுத்துக் கொடுத்து ஊர் சுற்றி வந்தது. அந்த மஞ்சள் ஒரு நகைக்கடைத் திறப்புவிழாவில் வந்தது. அவள் திருத்தப் போகாமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். பட்டு நூல் பிரியாமல் இருக்க ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மெல்லிய துணி வைத்து, இஸ்திரிப்பெட்டியால் ஒட்டி, துண்டோடு துண்டு சேர்த்துத் தைத்தாள்.

மேல்துணி முடிந்தது. ஆனால் மேல்துணி மட்டும் போர்வை ஆகாது. அதற்குக் கீழே பஞ்சு, அதற்குக் கீழே இன்னொரு துணி, மூன்றையும் ஒன்றாகப் பிடித்துத் தைக்கவேண்டும். அந்தத் தையலை எப்படிப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டத்தை நடத்துகிற சீமோன் கயானாவிலிருந்து வந்தவள், பெரிய கண்ணாடியும் பெரிய சிரிப்பும் உடையவள். மேசையில் அதை விரித்துப் பார்த்துவிட்டு அவள் முதலில் கேட்டது ஒரே கேள்வி: இது எங்கே வாழப்போகிறது, சுவரிலா, ஆளிலா?

சுவர் என்றால் மெல்லிய பஞ்சு போதும், தையல் நெருக்கமாகப் போடலாம், மடியாமல் விறைத்து நிற்கும், மேல் ஓரத்தில் கம்பு நுழைக்க ஓர் உறை வைக்கவேண்டும். ஆள் என்றால் தடித்த பஞ்சு, தள்ளித் தள்ளித் தையல், அப்போதுதான் உடம்போடு மடியும். ஆனால் பட்டு வழுக்கும், சரிகை தோலைக் கீறும், அடிக்கடி கழுவவேண்டி வரும். எதுவென்றாலும் இப்போதே தீர்மானி என்றாள் சீமோன். பட்டில் ஊசி போன ஓட்டை மூடாது. பிழைத்தால் பிரித்துத் தைக்க முடியாது.

ஆளுக்குத்தான் என்றாள் தவமணி. பிறகு தன்னுடைய தொழிற்சாலை இங்கிலிஷில் மிச்சத்தையும் விளங்கப்படுத்தினாள்: இடது பக்கத்தில் கை வெளியே வர ஒரு வாய் வேண்டும். சீமோன் பதறிப்போனாள். தைத்து முடித்த குவில்ற்றில் கத்தரி வைப்பதா? பக்கத்து ஓரத்தை மட்டும் வளைத்துக் குறைத்தால் போதாதா? தவமணி அதையும் யோசித்துப் பார்த்தாள். ஓரத்தைக் குறைத்தால் தோளுக்குள் காற்றுப் போகும், அவருக்கு முதலில் குளிர் பிடிப்பதே தோளில்தான். "நோ. பொக்கற் மாதிரி" என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். சீமோன் மேசையிலிருந்த சோக்கை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

ஆளுக்கு என்றான பிறகு மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்தது. நடுவுக்குப் பாரமில்லாமல் சூடு தருகிற கம்பளிப் பஞ்சு. அடிக்கு, இரத்தச் சொட்டு விழுந்தாலும் தெரியாத அரக்குச் சிவப்பு ஃபிளனல் துணி. சரிகைக் கரைகளை முதலிலேயே கால்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சரிகையில்லாத பட்டுத் துண்டுகளை வைத்திருந்தாள். அதனால் மகேஸ்வரனின் மஞ்சள் என்று அவர் சொன்னது மூலைக்குப் போகாமல் நெஞ்சுக்கு வந்திருந்தது. அதுதான் இருந்ததில் ஆக மெல்லியது. ஓர் உள்ளங்கை அகலம் விட்டுவிட்டு நேர்கோடாகத் தையல் போட்டாள். ஓரங்களைச் சுற்றி மடித்துத் தைக்கவும் கை வருகிற வாய்க்கு உதடு வைக்கவும் கிழியாத துணி வேண்டியிருந்தது. வீடெல்லாம் தேடி, அவருடைய பழைய செக்கியூரிட்டிச் சட்டைகளைக் கண்டெடுத்தாள். எத்தனையோ பனிகாலம் போட்டு, எத்தனையோ முறை கழுவியும் நூல் அசையாத நீலம்.

சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, வாய் வெட்டச் சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது தில்லையம்பலம் கோப்பித் தண்ணியோடு வந்து நின்றார். மேல் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இஞ்சேர், கம்பு போடுற உறை எங்கை?"

"கம்பில்லை."

"கம்பில்லாமல் எப்பிடித் தொங்கும்?"

"தொங்காது. உங்களுக்குப் போத்தத் தைச்சது. டயலிசிசிலை."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொன்னாடையை ஆஸ்பத்திரிக் கதிரையிலை போத்திக்கொண்டு கிடக்கவோ? அதுவும் அவன் முன்னாலை? என்னைப் பகிடி பண்ணுறியோ? உதென்ன கோடு?"

"கை வெளியிலை வர ஒரு வாய் வெட்டப்போறன்."

"உனக்கென்ன விசரே? வெட்டினால் பேந்து ஒரு சுவரிலையும் போடேலாது. ஓட்டை விழுந்த சாக்குமாதிரிக் கிடக்கும். வை கத்தரிக்கோலை!"

மூன்றாம் வரிசையில் இத்தனை வருடம் வாய்மூடி இருந்தவளுக்கு அப்போது வந்ததே ஒரு கோபம்!

"சுவருக்கென்ன குளிருதோ? நடுங்கிறது சுவரோ? மூச்செடுக்க ஏலாமல் அம்புலன்சிலை போனது சுவரோ? மண்டபத்திலை தொங்கிறதுக்கு எனக்கு ஆரும் தேவையில்லை. எனக்கு நீங்கள் வீட்டிலை வேணும்."

தில்லையம்பலம் கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் ரீவியைச் சத்தமாகப் போட்டார். தவமணி துணியைத் திரும்பவும் நீவி விரித்தாள். இதையும் அவர் வேண்டாம் என்றால் பொன்னாடைகளும் போய், மனிசனும் போய்விடும், அதற்குமேல் அவளிடம் வேறு யோசனை இல்லை. சோக்குக் கோட்டை இன்னொருமுறை அளந்து பார்த்தாள். பிறகு கத்தரியை வைத்து ஒரே வெட்டாக வெட்டினாள். நீலத்தில் உதடு வைத்துத் தைத்து முடித்தபோது ரீவியில் செய்தியும் முடிந்து, நாடகமும் முடிந்திருந்தது.

அடுத்த டயலிசிஸ்வரை அவர் மூஞ்சையை நீட்டிக்கொண்டே திரிந்தார். அன்று நோயாளரை ஏற்றி இறக்குகிற வீல்ட்ரான்ஸ் வண்டியில் ஏறியபோது அவள் மடியில் இருந்த பெரிய பையைக் கண்டும் காணாததுபோல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊசி ஏற்றியாயிற்று. எதிரே மகேஸ்வரன் வழக்கம்போல வெள்ளைக்குள். கொஞ்ச நேரத்தில் தில்லையம்பலத்தின் தாடை ஆடத் தொடங்கியது. நேர்ஸ் மரியோவைப் பார்த்து வலக்கையைத் தூக்கப்போனார். அதற்கு முதல் தவமணி எழும்பிப் போய்ப் பையை மரியோவிடம் கொடுத்தாள். பொன்னாடையைப் பெண்சாதி போர்த்தினால் அது பொன்னாடை ஆகாது. அது அவளுக்குத் தெரியாததா? பக்கத்தாலே வரக்கூடாது, முன்னாலே வா, இரண்டு கையாலும் விரித்துப் பிடி, மெல்ல நட, தோளிலே வை என்று மரியோவுக்கு அடிக்குரலில் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பிலிப்பீன்காரப் பெடியன் ஏதோ கோயில் காரியமாக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, போர்வையை விரித்துப் பிடித்தபடி, அடிமேல் அடி வைத்து வந்தான்.

தில்லையம்பலம் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் துணியை விரித்துக்கொண்டு ஓர் ஆள் முன்னாலே வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அந்தக் கழுத்துக்கு எப்போதோ பழகிவிட்டது. அது தானே குனிந்தது. மரியோ தோளில் வைத்து இழுத்து விட்டான். தவமணி வந்து, நீல வாய்க்குள்ளால் இடக்கையைக் குழாய்களோடு பக்குவமாக வெளியே எடுத்து வைத்தாள். ஊசி இருந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. மரியோ பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

எதிர்க் கதிரையிலிருந்து ஓர் இருமல். வெள்ளையிலிருந்து மகேஸ்வரனின் தலை முழுதாக வெளியே வந்தது.

"தங்கச்சி, உந்த மஞ்சள் நான் போத்தினதெல்லே?"

தவமணி ஒரு கணம் யோசித்தாள். நகைக்கடைத் திறப்புவிழா ஞாபகம் வந்தது.

"ஓம் அண்ணை. நீங்கள் போத்தினதுதான்."

தில்லையம்பலம் கூரையைப் பார்த்துக்கொண்டு, எவருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "மூலையிலை போடச் சொன்னனான். நெஞ்சிலை கொண்டுவந்து போட்டிருக்கிறாள்."

மகேஸ்வரன் சிரித்தார், சிரித்து இருமினார். தில்லையம்பலம் அப்படியே நித்திரையானார். தவமணி அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடவில்லை. நேரம் முடிந்து மெஷின் கூவியபோதுதான் மனிசன் கண் விழித்து, முடிஞ்சுதோ என்று கேட்டார். தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

திரும்பி வருகிறபோது போர்வை அவர் மடியிலே இருந்தது. நீல உதட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"உது என்ரை யூனிபோமெல்லே?"

"ஓம்."

கனதூரம் வந்தபிறகு மறுபடி தொண்டையைச் செருமினார்.

"மிச்சத் துணி கிடக்கே?"

"ஒரு சூட்கேஸ் கிடக்கு. ஏன்?"

"அவன் அந்த வெள்ளையைப் போத்திக்கொண்டு கிடக்கிறான். பாக்க ஏலாமல் கிடக்கு."

வண்டி அவர்களுடைய தெருவுக்குள் திரும்பியது. தில்லையம்பலம் போர்வையை மடித்து அவளிடம் நீட்டினார்.

"அவனுக்கு ஊசி வலக்கையிலை. வாயை மற்றப் பக்கம் வெட்டு."